ஜப்பானின் நாட்டார் கதைகளைத் தேடிப் போவதென்றால், தோனோ

டோக்கியோ, கியோட்டோ பார்த்த பிறகு இரண்டு மூன்று நாள் மிச்சம் இருக்கிறது, கிராமப்புறத்தில் பழைய வீடுகளும் நாட்டார் கதைகளோடு ஒட்டிய இடங்களும் பார்க்க வேண்டும், எங்கே போகலாம் என்று கேட்டிருந்தீர்கள். நான் ஒரே ஊரைத்தான் சொல்வேன்: ஜப்பானின் வடகிழக்கில், இவாத்தே மாநிலத்தில் இருக்கும் தோனோ.

வீடுகளின் அழகு மட்டும் போதும் என்றால் ஷிரகவாகோ போகலாம். 1995இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஊர், செங்குத்தான வைக்கோல் கூரைகள், பனிக்காலத்தில் பார்க்கக் கண்கொள்ளாது. ஆனால் பேருந்து பேருந்தாகக் கூட்டம் வந்து இறங்கும். அதோடு நீங்கள் கேட்பது கதைகளை. கதைக்கு தோனோதான். நான்கு பக்கமும் மலை, நடுவில் வயல், வயலுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் சிற்றூர்கள். அந்தச் சிற்றூர்களில் எந்த ஓடை, எந்தப் பாறை, எந்தப் புதர் என்று கேட்டாலும் அதற்கு ஒரு கதை உண்டு.

இந்தக் கதைகள் வெளியுலகுக்கு வந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது தெரியாமல் போனால் அங்கே பாதி விஷயம் புரியாது. 1908இல் டோக்கியோவில் யனகிதா குனியோ என்ற அரசு அதிகாரி, சசாகி கிசென் என்ற இளைஞரைச் சந்திக்கிறார். கிசென் தோனோவின் த்சுச்சிபுச்சி கிராமத்துக்காரர், எழுத்தாளராக வேண்டும் என்று டோக்கியோ வந்தவர், அப்போது வயது இருபதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். ஊரில் கேட்டு வளர்ந்த கதைகளை அவர் சொல்லச் சொல்ல யனகிதா எழுதிக்கொண்டார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் தானே தோனோவுக்குப் போய்ப் பார்த்தார். 1910இல் 119 சிறு கதைகளோடு 'தோனோ மோனோகதாரி', அதாவது 'தோனோ கதைகள்', வெளியானது. அச்சடித்தது வெறும் 350 பிரதிகள். இன்று ஜப்பானிய நாட்டாரியல் படிப்பின் தொடக்கமாக மதிக்கப்படுவது அந்தச் சின்னப் புத்தகம்தான். அதை அவர் வெளிநாட்டில் வாழ்பவர்களுக்குக் காணிக்கையாக்கியிருந்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

புத்தகத்தில் பெயர் வாங்கியவர் யனகிதா. கதைகள் கிசெனுடையவை. அவர் பின்னால் ஊர் திரும்பி, கிராமத் தலைவராகவும் கொஞ்ச காலம் இருந்து, தொடர்ந்து கதைகளைத் தொகுத்து, 1933இல் ஐம்பது வயதுகூட ஆகாமல் இறந்துபோனார். ஜெர்மனியின் நாட்டார் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களை நினைவூட்டி, ஜப்பானின் கிரிம் என்று அவரைச் சொல்வார்கள். தோனோவுக்குப் போகிறவர்கள் அவருக்காக ஒரு அரைமணி நேரமாவது ஒதுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எங்கே என்பதைக் கீழே சொல்கிறேன்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். தோனோவில் பார்க்கும் இடங்கள் பெரும்பாலும் மிகச் சிறியவை. ஓர் ஓடை, ஒரு மேட்டு நிலம், பாசி படிந்த சில பாறைகள். கதை தெரியாமல் போய் நின்றால் ஐந்து நிமிடத்தில் போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பிவிடுவீர்கள். கதை தெரிந்து போனால் அதே இடத்தை விட்டு நகர மனம் வராது. கதையைப் படித்துவிட்டுப் போங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்ததில் முக்கியமானது, மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

உதாரணத்துக்கு டெண்டெரா-நோ. யமகுச்சி என்ற சிற்றூருக்கு மேலே, புல் மண்டிய ஒரு மேட்டு நிலம். கதை என்ன சொல்கிறது? முன்பெல்லாம் அறுபது வயது தாண்டியவர்களை எல்லாம் இங்கே கொண்டுவந்து விட்டுவிடுவார்களாம். விடப்பட்டவர்கள் உடனே செத்துப்போவதில்லை. பகலில் கீழே இறங்கி வந்து, ஊர்க்காரர்களின் வயலில் வேலை செய்து, கிடைத்ததை வாங்கிக்கொண்டு மாலையில் மேட்டுக்கு ஏறிப் போவார்கள். முதியோரை மலையில் விட்டுவருகிற கதைகள் ஜப்பானின் வேறு பகுதிகளிலும் உண்டு. அவற்றில் பெரும்பாலும் மகன் தாயை முதுகில் சுமந்துகொண்டு தொலைவான மலைக்குப் போவான், கண்ணீரோடு கதை முடியும். தோனோவில் அப்படி இல்லை. மேட்டில் நின்று பார்த்தால் கீழே ஊர் தெரிகிறது. கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். காலையில் இறங்கி வரும் அப்பாவை மகன் வயலில் பார்ப்பான், மாலையில் அவர் மேலேறிப் போவதையும் பார்ப்பான். காலையில் இப்படிக் கிளம்புவதற்கும் மாலையில் திரும்புவதற்கும் அந்த ஊரில் தனிச் சொற்களே இருந்தன என்று புத்தகம் குறித்து வைத்திருக்கிறது. அந்த தூரத்தைக் காலால் நடந்து பார்க்கும்போதுதான் இந்தக் கதையின் கனம் தெரியும்.

டெண்டெரா-நோவுக்கு எதிரே டன்னோஹனா என்று ஒரு குன்று இருக்கிறது, ஊர் மயானம் அதில்தான். சசாகி கிசெனின் கல்லறையும் அங்கேதான். அவர் பிறந்த வீடும் பக்கத்தில், கூரை வேய்ந்த ஒரு பழைய நீர்ச்சக்கரமும் வழியிலேயே. அவசரத்தில் வருகிறவர்கள் யமகுச்சியை விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு தோனோவில் ஒரே ஓர் இடம்தான் பார்க்கக் கிடைக்கும் என்றால் இதைத்தான் பார்ப்பேன்.

ஏன் இப்படிக் கதைகள்? பசிதான். கோடைக்காலத்தில் பசிபிக் பக்கமிருந்து யமசே என்ற குளிர்காற்று வீசும். அது நின்று வீசினால் நெல் கதிர் பிடிக்காது. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இந்தப் பகுதி பஞ்சத்துக்கு மேல் பஞ்சம் கண்டது. ஊருக்குத் தென்மேற்கே ஒரு மலைச்சரிவில் 'கோஹ்யாகு ரகன்' என்று ஓர் இடம். பஞ்சத்தில் செத்தவர்களுக்காக கிசான் என்ற புத்தத் துறவி அங்கே காட்டில் கிடந்த பாறைகளிலேயே ஞானியரின் முகங்களைக் கோடுகளாகச் செதுக்கி வைத்தார். ஐந்நூறு முகங்கள் என்று கணக்கு. பாதிக்கு மேல் பாசி மூடிவிட்டது, உற்றுப் பார்த்தால்தான் ஒரு மூக்கு, ஒரு கண் இமை தெரியவரும். மழை பெய்து ஓய்ந்த நேரத்தில் போனால் கோடுகள் கொஞ்சம் தெளிவாக இருக்கும், ஆனால் பாறை வழுக்கும், நல்ல பிடிப்புள்ள காலணி வேண்டும்.

சரி, எல்லோரும் கேட்கும் கப்பாவுக்கு வருவோம். கப்பா என்பது ஆற்றில் வாழும் ஒரு சிறு உருவம். தலையுச்சியில் தட்டு போல ஒரு குழி, அதில் தண்ணீர் இருக்கும்வரைதான் அதற்குப் பலம். வெள்ளரிக்காய் என்றால் உயிர். குதிரையைத் தண்ணீருக்குள் இழுக்கும், ஆளையும் இழுக்கும். மற்ற ஊர்க் கப்பாவுக்குப் பச்சை முகம், தோனோக் கப்பாவுக்குச் சிவப்பு முகம். ரயில் நிலையத்தில் இறங்கியதும் பக்கத்தில் இருக்கும் போலீஸ் சாவடியே கப்பா முக வடிவத்தில்தான் கட்டப்பட்டிருக்கிறது.

ஜோகென்ஜி என்ற புத்தக் கோயிலுக்குப் பின்னால் மர நிழலில் ஓடும் ஒரு சிற்றோடைதான் கப்பாபுச்சி, அதாவது கப்பா மடு. கோயில் தீப்பிடித்தபோது ஒரு கப்பா வந்து அணைத்ததாம், அதனால் கோயிலில் காவலுக்கு இருக்கும் கல் விலங்குகளின் தலையிலும் தட்டு போன்ற குழி இருக்கும், மறக்காமல் பாருங்கள். மடுவின் கரையில் மூங்கில் தூண்டிலில் வெள்ளரிக்காய் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். சில நூறு யென் கொடுத்தால் கப்பா பிடிக்கும் அனுமதி அட்டையே வாங்கலாம், ஒரு வருடம் செல்லும். உயிரோடுதான் பிடிக்க வேண்டும், தலைத் தண்ணீரைச் சிந்தவிடக் கூடாது, தூண்டிலில் காய்கறிதான் இரையாக வைக்க வேண்டும் என்று விதிகள் எல்லாம் அதில் அச்சிட்டிருக்கும். குழந்தைகளோடு போனால் அவர்களை அங்கிருந்து கிளப்பவே முடியாது.

கரையிலேயே ஒரு சிறு சன்னதி இருக்கும். உள்ளே சிவப்புத் துணியில் மார்பு வடிவில் தைத்த சிறு பொம்மைகள். தாய்ப்பால் நன்றாகச் சுரக்க வேண்டும் என்று பெண்கள் வேண்டிக்கொண்டு வைப்பவை. இதையும் புத்தகத்தின் 55ஆவது கதையையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். அந்தக் கதையில், ஆற்றோரத்து வீடு ஒன்றில் இரண்டு தலைமுறையாகப் பெண்கள் கப்பாவின் குழந்தையைச் சுமந்தார்கள். பிறந்ததை வெட்டித் துண்டாக்கி ஒரு சிறு மரப்பீப்பாயில் போட்டுப் புதைத்துவிட்டார்கள். உருவம் கோரமாக இருந்ததாம், அவ்வளவுதான் கதை. பஞ்ச காலத்தில் வளர்க்க வழியில்லாமல் கொல்லப்பட்ட சிசுக்களின் நினைவு இதற்குள் இருக்கிறது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. கடைகளில் விற்கும் சிரிக்கிற கப்பா பொம்மையை வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் ஒரே ஓடையில் அந்த இரண்டும் ஓடுகின்றன என்பது தெரிந்து வாங்குங்கள்.

சாஷிகி-வாரஷியும் இதே கூட்டம்தான். பழைய வீடுகளின் உள்ளறையில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக் குழந்தை உருவில் குடியிருக்கும் ஒன்று. அது இருக்கும்வரை வீடு செழிக்கும், கிளம்பிவிட்டால் வீடு அழியும். யமகுச்சியில் ஒரு பணக்கார வீட்டிலிருந்து இரண்டு சிறுமிகள் கிளம்பி நடந்து போவதை ஒருவர் வழியில் பார்த்தார். அதற்குப் பிறகு கொஞ்ச நாளிலேயே அந்த வீட்டில் எஜமானரும் வேலைக்காரர்களுமாக இருபதுக்கும் மேற்பட்டவர்கள் விஷக்காளான் சாப்பிட்டு ஒரே நாளில் மாண்டார்கள். வெளியே விளையாடப் போய், சாப்பிட வர மறந்த ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்று மட்டும் பிழைத்தது.

இனி வீடுகள். இந்தப் பக்கத்து வீட்டுக்கு மகரியா என்று பெயர். மேலிருந்து பார்த்தால் ட வடிவத்தில் மடங்கியிருக்கும். ஒரு கையில் மனிதர்கள், மறு கையில் குதிரை லாயம், இரண்டுக்கும் ஒரே கூரை. தோனோ உள்நாட்டுக்கும் கடற்கரைக்கும் நடுவில் இருந்த சந்தை ஊர், சரக்கெல்லாம் குதிரை முதுகில்தான் மலையைத் தாண்டியது. குதிரை போனால் குடும்பமே போனது மாதிரி. அதனால் அடுப்பின் சூடும் புகையும் லாயத்துக்கும் போகும்படி கட்டினார்கள். சமைக்கும் பெண் தலையைத் திருப்பினால் குதிரையின் முகம் தெரியும். டென்ஷோஎன் என்ற சிறு வளாகத்தில் பழைய கிகுச்சி குடும்ப வீடு ஒன்று இருக்கிறது. அரசு முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்த வீடு. கப்பாபுச்சியிலிருந்து அங்கே நடந்தே போய்விடலாம். கிசென் நினைவு அறையும் அந்த வளாகத்துக்குள்தான்.

அந்த வீட்டிலிருந்து ஒரு குறுகிய நடைவழி, ஓஷிராசாமா என்ற வீட்டுத் தெய்வத்தின் மண்டபத்துக்குப் போகும். உள்ளே நான்கு சுவரிலும் ஆயிரம் சிறு மர உருவங்கள். ஒவ்வொன்றுக்கும் பல நிறத் துணி போர்த்தியிருக்கும். சிலதுக்குக் குதிரைத் தலை, சிலதுக்குப் பெண் தலை. நீங்களும் ஒரு துணி வாங்கி, வேண்டுதலை எழுதி, ஓர் உருவத்துக்குப் போர்த்தலாம், தமிழிலேயே எழுதலாம்.

இதன் கதை 69ஆவது. ஏழை உழவன் ஒருவனுக்கு மனைவி இல்லை, அழகான மகள் ஒருத்தி, ஒரு குதிரை. மகள் குதிரையை நேசித்து, இரவில் லாயத்தில் போய்ப் படுத்து, கடைசியில் அதையே கணவனாக வரித்துக்கொண்டாள். அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. அவளிடம் எதுவும் சொல்லாமல் குதிரையை ஓட்டிப்போய் முசுக்கட்டை மரத்தில் தொங்கவிட்டுக் கொன்றுவிட்டார். மகள் ஓடி வந்து குதிரையின் தலையைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆத்திரம் தாங்காமல் அவர் பின்னாலிருந்து கோடரியால் குதிரையின் தலையை வெட்ட, அறுந்த தலையோடு மகள் அப்படியே வானத்துக்குப் போய்விட்டாள். அந்த முசுக்கட்டைக் கிளையில் செதுக்கியதுதான் முதல் ஓஷிராசாமா. முசுக்கட்டை இலையைத் தின்பது பட்டுப்புழு, அதனால் பட்டு வளர்ப்புக்கும் இந்தத் தெய்வம்தான் காவல். மகரியாவின் உள்ளே நின்று அடுப்பிலிருந்து லாயத்தைப் பார்த்துவிட்டு இந்தக் கதையை நினைத்துப் பாருங்கள். ஒரே கூரைக்குக் கீழ் பிறந்த கதை என்பது விளங்கும்.

ஒன்று சொல்ல வேண்டும், மண்டபத்தில் இருப்பவை பார்வையாளருக்காக வைத்தவை. வீடுகளில் இருக்கும் ஓஷிராசாமா இன்றும் குடும்பத் தெய்வம். ஆண்டுக்கு ஒரு முறை, ஜனவரி நடுவில், வெளியே எடுத்துப் புதுத்துணி போர்த்துவார்கள். கறியும் முட்டையும் தின்றுவிட்டு அதன் முன்னால் போனால் வாய் கோணிவிடும் என்ற நம்பிக்கை உண்டு. வழியில் பழைய வீட்டைப் பார்த்து ஆசைப்பட்டு யார் வாசலிலும் எட்டிப் பார்க்காதீர்கள், படமும் எடுக்காதீர்கள்.

கதை கேட்பதற்கு நகரத்துக்குள் 'தோனோ மோனோகதாரி நோ யகாத்தா' என்ற கதை மாளிகை இருக்கிறது. யனகிதா தங்கிய பழைய விடுதியும் டோக்கியோவில் அவர் முதுமையில் வாழ்ந்த வீடும் அந்த வளாகத்தில் இருக்கின்றன. உள்ளூர்க் கதைசொல்லிகள் நேரில் சொல்வார்கள், பெரும்பாலும் வயதான பெண்கள். 'முன்னொரு காலத்தில் இருந்ததாம்' என்ற பொருளில் ஒரு வரியோடு தொடங்கி, 'தொந்தொஹாரே' என்று முடிப்பார்கள். பேச்சு முழுக்க தோனோ வட்டார வழக்கு, டோக்கியோக்காரர்களுக்கே பாதிதான் புரியும். அதனால் ஜப்பானிய மொழி தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். கதைச் சுருக்கம் முன்பே தெரிந்திருந்தால் குரலின் ஏற்ற இறக்கத்திலேயே பின்தொடர்ந்துவிடலாம். இதைத் தவறவிடாதீர்கள். கதை சொல்லும் நேரத்தை மட்டும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தொலைவில் இருக்கும் த்சுசுகி-இஷி, அதாவது ஒரு பெரும் பாறையைத் தூக்கி இன்னொன்றின் மேல் வைத்தாற்போல் இருக்கும் கல், கார் இருந்தால் போகலாம். பெங்கெய் என்ற பலசாலி வைத்ததாகக் கதை. உனெதோரி சன்னதியில் சிவப்புத் துணியை இடது கையால் மட்டும் மரத்தில் கட்டினால் காதல் கைகூடும் என்பார்கள். நேரம் இருந்தால் பாருங்கள். மகரியா வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து கிராமமாகவே அமைத்திருக்கும் ஃபுருசாதோ கிராமம் விரிவானது, அரை நாள் பிடிக்கும். அங்கே ஊர்ப் பெரியவர்கள் வைக்கோல் வேலை, மர வேலை எல்லாம் சொல்லித் தருவார்கள்.

மூன்றாவது நாள் இருந்தால் தோனோ வழியாகப் போகும் கமாய்ஷி ரயில் பாதையில் கிழக்கே கடற்கரைக்குப் போய் வாருங்கள். 99ஆவது கதை அந்தக் கரையில் நடப்பது. த்சுச்சிபுச்சியிலிருந்து கடலோர ஊருக்கு வீட்டோடு மாப்பிள்ளையாகப் போன ஒருவர் 1896 சுனாமியில் மனைவியையும் ஒரு குழந்தையையும் இழந்தார். மிஞ்சிய இரண்டு பிள்ளைகளோடு பழைய மனையில் குடிசை போட்டு இருந்தார். ஒரு வருடம் கழித்து, மூடுபனி படர்ந்த நிலா இரவில், கரையில் மனைவி இன்னொருவனோடு நடந்து போவதைப் பார்க்கிறார். அவனும் சுனாமியில் செத்தவன், கல்யாணத்துக்கு முன்பு அவளுக்கு வேண்டியவனாக இருந்தவன். இப்போது இவரோடுதான் வாழ்கிறேன் என்கிறாள். பிள்ளைகள் மேல் ஆசை இல்லையா என்று இவர் கேட்டதும் அவள் முகம் மாறி அழுகிறாள். இவர் தலையைக் குனிந்து நிற்கும்போதே இருவரும் நடந்து போய்விடுகிறார்கள். அதன் பிறகு நெடுநாள் நோயாகக் கிடந்தார் என்று கதை முடிகிறது. 2011 சுனாமியில் இதே கரை மறுபடியும் அழிந்தது. அப்போது மீட்புப் படையும் நிவாரணப் பொருளும் தோனோவில் குவிந்துதான் கரைக்குப் போயின. பழைய சந்தைப் பாதைகள் அன்றும் உதவின.

போகும் வழி: டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஷின்-ஹனமாகி சுமார் மூன்று மணி நேரம், அங்கிருந்து கமாய்ஷி பாதையில் ஒரு மணி நேரத்துக்குள் தோனோ. இந்தக் கிளைப் பாதையில் ரயில்கள் குறைவு, ஒன்றை விட்டால் அடுத்ததற்கு நிறைய நேரம் காத்திருக்க வேண்டும், ஆகவே நேர அட்டவணையைப் பார்த்துவிட்டே திட்டம் போடுங்கள். ஊருக்குள் பேருந்தை நம்ப முடியாது. ரயில் நிலையத்துக்கு எதிரே சுற்றுலா அலுவலகத்தில் வாடகை சைக்கிள் கிடைக்கும். டென்ஷோஎன், கப்பாபுச்சி, யமகுச்சி மூன்றும் ஒரே திசையில், வயல்வெளி வழியாக, பெரும்பாலும் சமதளத்தில் இருக்கின்றன. முதல் நாள் இந்த மூன்றும், இரண்டாவது நாள் கதை கேட்பதும் ரகன் பாறைகளும் ஃபுருசாதோவும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் எடுப்பதாக இருந்தால் இந்தியாவில் வாங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி அங்கே செல்லும், வண்டியும் நம் ஊர் போல இடப்பக்கம்தான்.

மே முதல் அக்டோபர் வரை நல்ல காலம். செப்டம்பர் திருவிழாவில் மரச்சீவல் முடி வைத்த ஷிஷி என்ற விலங்கு முகமூடி ஆட்டமும் குதிரை மேலிருந்து அம்பு எய்வதும் உண்டு. குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழ் பத்து டிகிரி வரைகூட இறங்கும், சைக்கிள் ஆகாது. கரடியை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இவாத்தேயில் அண்மை ஆண்டுகளில் கரடித் தாக்குதல் அதிகம். ரகன் பாறைகள் போன்ற காட்டு இடங்களுக்கு விடிகாலையிலும் அந்தியிலும் தனியாகப் போகாதீர்கள், கரடி மணி ஒன்று பையில் கட்டிக்கொள்ளுங்கள், விடுதியில் அன்றைய நிலவரம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

சாப்பாட்டில் தோனோவின் பெருமை ஜிங்கிசுகான், இரும்புச் சட்டியில் வாட்டிய ஆட்டுக்கறி. வடிகட்டாத அரிசி மதுவான தொபுரொகுவை விடுதிகளே வடித்து விற்க ஜப்பானில் முதலில் அனுமதி பெற்ற ஊர்களில் தோனோவும் ஒன்று, 2003இல். சைவம் சாப்பிடுபவர்களுக்குச் சிரமம்தான். காய்கறிக் குழம்பு என்று வைப்பதில்கூட மீன் சாறு இருக்கும். பண்ணை வீடுகளில் தங்குவதாக இருந்தால் முன்பதிவின்போதே கறி, மீன், மீன் சாறு மூன்றும் வேண்டாம் என்று தனித்தனியாக எழுதிச் சொல்லிவிடுங்கள். சோறு, ஊறுகாய், மலைக் கீரை, காளான் என்று அவர்களே ஏதாவது செய்து தருவார்கள்.

புத்தகத்துக்கு ரொனால்ட் மோர்ஸ் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1975இலிருந்து கிடைக்கிறது. கதைகள் பல பத்து வரிகூட வராது, ஷின்கான்சென் பயணத்திலேயே படித்து முடித்துவிடலாம். அவ்வளவு நேரம் இல்லையென்றால் 18, 55 முதல் 59 வரை, 69, 99, 111 ஆகியவற்றை மட்டுமாவது படித்துவிடுங்கள். இதில் சொல்லாத 8ஆவதையும் 63ஆவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவை காணாமல் போன ஒரு பெண்ணையும், மலைக்குள் ஆளில்லாமல் நிற்கும் ஒரு வீட்டையும் பற்றியவை.